ஆறு பாட்டில், ஆறு காகிதப் பை: ஆஸ்திரேலிய ஒயினைச் சுவைத்து மதிப்பெண் போடும் முறை

அடிலெய்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நான்கு பேர் உட்கார்ந்து முதன்முதலாக ஒயினுக்கு மதிப்பெண் போட்ட தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பரோசா ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினுக்கு இருபதுக்கு 19. ரூதர்க்ளென் மஸ்கட் என்ற இனிப்பு ஒயினுக்கு 18.5. ஹன்டர் பள்ளத்தாக்கு செமில்லான் என்ற வெள்ளை ஒயினுக்கு நான் போட்டது 13. பக்கத்தில், ‘தண்ணீரில் எலுமிச்சை பிழிந்த மாதிரி’ என்று ஒரு குறிப்பு. மற்ற மூவர் தாளிலும் ஏறக்குறைய இதே வரிசைதான். எது கனமோ, எது இனிப்போ, எதில் ஆல்கஹால் கூடுதலோ அது மேலே, மெலிந்ததெல்லாம் கீழே. தராசில் வைத்திருந்தாலும் அதே வரிசை வந்திருக்கும்.

ரசத்தையும் பாயசத்தையும் ஒரே இலையில் பரிமாறி எது சிறந்தது என்று கேட்டால் பாயசம்தான் ஜெயிக்கும். அதனால் ரசம் மோசமான ரசம் ஆகிவிடாது. ரசத்தை ரசத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ஆஸ்திரேலிய ஒயின் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். 10.5 சதவீத ஆல்கஹாலில் எலும்பும் தோலுமாக இருக்கும் வெள்ளை ஒயினும், 18 சதவீதத்தில் கருப்பட்டிப் பாகு போல ஊற்றும் இனிப்பு ஒயினும் ஒரே நாட்டில், ஏன், பல நேரம் ஒரே கடையின் ஒரே அலமாரியில் கிடைக்கின்றன. ஒவ்வொன்றையும் அதனதன் வகைக்குள் நிறுத்திச் சுவைக்கப் பழகுவதற்கான வழி கீழே. இரண்டு மூன்று மாலைகள் போதும், கையில் பிடிபட்டுவிடும்.

முதலில் ஆறு பாட்டில்

கடைக்குப் போனால் கண்ணில் படுவதையெல்லாம் வாங்காதீர்கள். வகைகள் தெளிவாகப் பிரிந்து நிற்க வேண்டும் என்றால் ஊரைப் பார்த்து வாங்குவது நல்லது. நான் சொல்லும் ஆறு இவை (பெயரில் முன்னால் வருவது ஊர், பின்னால் வருவது திராட்சை; முதல் மூன்று வெள்ளை, அடுத்த இரண்டு சிவப்பு): கிளேர் அல்லது ஈடன் பள்ளத்தாக்கு ரீஸ்லிங், ஹன்டர் பள்ளத்தாக்கு செமில்லான், மார்கரெட் ரிவர் அல்லது யாரா பள்ளத்தாக்கு ஷார்டனே, கூனவாரா கேபர்னே சாவிஞான், பரோசா ஷிராஸ், கடைசியில் ரூதர்க்ளென் மஸ்கட், அரை பாட்டில். டாஸ்மேனியா பினோ நுவாரைச் சேர்க்க ஆசைதான். ஆனால் பழகாத நாக்குக்கு ஏழு என்பது அதிகம், அதை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆறும் ஏறத்தாழ ஒரே விலை வரிசையில் இருக்கட்டும். லேபிளை நம்பலாம், ஆனால் அது சொல்வதன் அளவு தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியச் சட்டப்படி, ஒரு திராட்சையின் பெயரையோ ஊரையோ ஆண்டையோ லேபிளில் போட வேண்டுமானால் பாட்டிலில் 85 சதவீதமாவது அதுவாக இருந்தால் போதும். ஆகவே ‘ஷிராஸ்’ என்று எழுதிய பாட்டிலுக்குள் வேறு திராட்சை கொஞ்சம் கலந்திருப்பதில் மோசடி ஒன்றும் இல்லை.

மேசை போடுவதற்கு முன்

காலை பத்து, பதினொரு மணிக்கு நாக்கு கூர்மையாக இருக்கும் என்பது தொழில்முறை நடுவர்களின் அனுபவம். வீட்டில் அது நடக்காது. மாலையில் வைத்துக்கொண்டாலும் சாப்பாட்டுக்கு முன்பு வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் எதுவும் தாளித்திருக்கக் கூடாது. ஊதுபத்தி வேண்டாம். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வருபவரைத் தள்ளி உட்காரச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான், ஆனாலும் சொல்லிவிடுங்கள். ஒரு முழம் மல்லிகை ஆறு ரீஸ்லிங்கை விழுங்கிவிடும்.

கோப்பை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வாய் குறுகி வயிறு அகன்ற, தண்டு வைத்த கண்ணாடிக் கோப்பை போதும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கோப்பை என்பதுதான் முக்கியம். ஆளுக்கு 30 மில்லி ஊற்றினால் தாராளம். ஆறு ஒயினுக்கும் சேர்த்து 180 மில்லி. அதை முழுவதும் விழுங்கினாலே ஆஸ்திரேலியக் கணக்கில் இரண்டு ஸ்டாண்டர்ட் டிரிங்க் ஆகிவிடும் (ஒன்று என்பது 10 கிராம் ஆல்கஹால்). ஆகவே துப்புங்கள். ஆளுக்கொரு காகிதக் குவளை, நடுவில் ஒரு வாளி. துப்புவது அநாகரிகம் என்ற தயக்கம் நமக்கு இயல்பு. ஒயின் பண்ணைகளில் அது அன்றாட வேலை. நான்காவது கோப்பையிலிருந்து எல்லா ஒயினும் அருமையாக இருப்பதாகத் தோன்றினால் துப்பவில்லை என்று அர்த்தம். வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகிறவர் கட்டாயம் துப்ப வேண்டும். இங்கே சட்ட வரம்பு இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் பிடிவாதமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் நடக்கும் சுவைத்தல்களில் பாதி இங்கேயே கெட்டுப்போகிறது. வெள்ளை ஒயினைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் மணம் எழும்பாது. புளிப்பு மட்டும் பல்லைக் கூசச் செய்யும். இருபது நிமிடம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று சொன்னவர்கள் ஐரோப்பியக் கல்வீட்டில் இருந்துகொண்டு சொன்னார்கள். அடிலெய்டு ஜனவரியில் அறை 30 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் பரோசா ஷிராஸை ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். அதைக் குளிரில் வைத்து 16 முதல் 18 டிகிரிக்குள் கொண்டுவாருங்கள். அதே ஒயின்தானா என்று கேட்பீர்கள்.

வாய் கழுவத் தண்ணீர், உப்பில்லாத ரொட்டித் துண்டு. சீஸ் வேண்டாம், அது துவர்ப்பை மறைத்துச் சுமாரான சிவப்பு ஒயினுக்கும் மதிப்பெண் வாங்கிக் கொடுத்துவிடும். ஒயின் விற்கிறவர்கள் சீஸ் தட்டை ஏன் அவ்வளவு அன்போடு நீட்டுகிறார்கள் என்று பிறகு யோசித்துப் பாருங்கள்.

கோப்பை கையில் வந்த பிறகு

வெள்ளைத் தாளின் மேல் கோப்பையைச் சாய்த்து ஓரத்தைப் பாருங்கள். இளம் ரீஸ்லிங் தண்ணீர் நிறத்தில் பச்சை ஓடியிருக்கும். வயதாக ஆக வெள்ளை ஒயின் மஞ்சள் ஏறி அடர்ந்துகொண்டே போகும். சிவப்பு ஒயின் நேர்மாறாக வெளுத்து, ஊதா போய் செங்கல் நிறம் வரும். பார்ப்பதற்கு ஐந்து நொடிக்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை. நிறத்தில் மயங்குகிற ஆபத்தும் உண்டு. 2001இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் 54 மாணவர்களுக்கு, மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் வர்ணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு எழுதிவிட்டது.

முகர்வது இரண்டு தடவை. முதலில் கோப்பையை ஆட்டாமல் ஒரு தடவை. மெல்லிய மணங்கள் இதில்தான் அகப்படும். பிறகு மேசை மேல் வைத்தே மூன்று சுற்றுச் சுற்றி இன்னொரு தடவை. நீளமாக இழுக்காதீர்கள், நாய் மோப்பம் பிடிப்பதுபோலச் சின்னச் சின்னதாக. மூக்கு மரத்துப்போனால் உங்கள் முழங்கையை முகர்ந்து பாருங்கள், திரும்ப வந்துவிடும்.

இப்போது ஒரு மேசைக்கரண்டி அளவு வாயில் எடுங்கள். உதட்டை லேசாகத் திறந்து, சூடான காப்பியை உறிஞ்சுவதுபோலக் காற்றை உள்ளே இழுங்கள். சத்தம் வரும், வரட்டும். ஒயினை வாய் முழுக்க ஓடவிட்டு, துப்பிவிட்டு, நான்கு இடங்களைக் கவனியுங்கள்.

நாக்கின் இரு பக்கமும்: எச்சில் ஊறுகிறதா, எவ்வளவு நேரம் ஊறுகிறது? அதுதான் புளிப்பின் அளவு. நுனி நாக்கு: இனிப்பு இருக்கிறதா, இல்லை பழ மணத்தை இனிப்பு என்று நினைத்துக்கொள்கிறோமா? சந்தேகமாக இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வாய் எடுங்கள். பழ மணம் மறைந்துவிடும், சர்க்கரை மறையாது. தொண்டை: சூடு இறங்குகிறதா? அது ஆல்கஹால். கடைசியாக ஈறு.

ஈறைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துப்பிய பிறகு மேலுதட்டுக்கு உள்பக்கம் நாக்கால் தடவிப் பாருங்கள். வாழைக்காயை நறுக்கிய விரலில் பிடித்த கறை போல, கடுக்காய் கடித்தது போல வழவழப்புப் போய்ச் சொரசொரக்கும். டானின் என்கிறார்களே, அது இதுதான். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு இதை விளக்க, ஆறிப்போன தேநீர், உலர்ந்த வாய் என்று சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது. நாம் இதற்கு அறுசுவையிலேயே ஓர் இடம் கொடுத்து வைத்திருக்கிறோம்: துவர்ப்பு. அதன் தரம் பிரிக்கவும் தெரியும். நாவல்பழத்தின் துவர்ப்பு வேறு, நெல்லிக்காயின் துவர்ப்பு வேறு, பிஞ்சு மாதுளைத் தோலின் துவர்ப்பு வேறு. குறிப்புத் தாளில் ‘டானின் அதிகம்’ என்று எழுதாமல் எந்தத் துவர்ப்பு என்று எழுதுங்கள்.

துப்பிய நொடியிலிருந்து மனத்துக்குள் எண்ணத் தொடங்குங்கள். நல்ல மணம், சுவை எத்தனை எண்ணும்வரை தங்குகிறது? ஐந்துக்குள் போய்விட்டால் சாதாரணம். பத்து தாண்டினால் நிமிர்ந்து உட்காரலாம். தங்குவது வெறும் கசப்போ சூடோ என்றால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மணத்துக்கு யார் வீட்டுப் பெயர்?

பாட்டிலின் பின்பக்கத்தில் கூஸ்பெரி, பிளாக்கரன்ட் என்று எழுதியிருக்கும். கூஸ்பெரியை நெல்லிக்காய் என்று அகராதி பார்த்து எழுதிவிடுகிறவர்கள் உண்டு. இரண்டும் உறவே இல்லாத பழங்கள். பிளாக்கரன்ட்டை நான் முதலில் பார்த்ததே இங்கே ஜாம் பாட்டிலில்தான். பார்க்காத பழத்தை எப்படி நினைவுக்குக் கொண்டுவருவது? மணம் என்பது ஞாபகம். எழுதுகிறவர் ஞாபகத்தில் இருப்பதைத்தான் எழுத முடியும். எனக்குக் கூனவாரா கேபர்னேயில் நாவல்பழமும் பென்சில் சீவிய மரத்தூளும் வருகின்றன, அப்படியே எழுதுகிறேன். ஒரே கட்டுப்பாடு, நீங்கள் வைக்கும் பெயர் அடுத்த முறையும் அதே மணத்துக்குத்தான் வர வேண்டும். இன்றைக்கு ‘மாம்பழம்’, நாளைக்கு அதே ஒயினுக்குக் ‘கொய்யா’ என்றால் தாள் பயன்படாது.

சில மணங்களுக்கு நம் பெயரே துல்லியமாகப் பொருந்துகிறது. வயதான ரீஸ்லிங்கில் எழும் ஒரு வாடையை உலகம் ‘பெட்ரோல்’ என்கிறது. பெட்ரோல் பங்கில் வரும் வாடை அது இல்லை. ஸ்டவ்வில் ஊற்றிய மண்ணெண்ணெய் வாடை. ரேஷன் கடை வரிசையில் கேனோடு நின்றவர்களுக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும்.

மிளகு கதை இன்னும் நேரடி. குளிர்ந்த இடங்களில் விளையும் ஷிராஸில், குறிப்பாக விக்டோரியாவின் கிராம்பியன்ஸ் பகுதியில், பொடித்த மிளகு மணம் தூக்கலாக வரும். அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் 2008இல் அதன் காரணத்தை வெளியிட்டது: ரோட்டண்டோன் என்ற வேதிப்பொருள். நம் அஞ்சறைப்பெட்டி மிளகில் மணப்பதும் அதே பொருள்தான். ஆகவே ‘மிளகு போல’ என்று எழுதுவது உவமை அல்ல. ஆனால் அந்த ஆய்விலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்தப் பொருளின் மணம் தெரியவே இல்லை. எங்கள் நால்வரில் ஒருவர் அப்படி. அம்மியில் தட்டிய மிளகை நீட்டினால் காரம் தெரியும் என்பார். ஷிராஸில் மிளகு எங்கே என்று தேடுவார். அவர் தாளில் அந்த ஒயினுக்கு எப்போதும் அரை, ஒரு மதிப்பெண் குறையும். அவர் தப்பாகச் சுவைக்கவில்லை, அவ்வளவுதான் அவர் மூக்கு.

கூனவாரா ஒயின்களிலும் வேறு சில தென் ஆஸ்திரேலிய, விக்டோரிய ஒயின்களிலும் யூகலிப்டஸ் மணம் வருவதுண்டு. தோட்டத்தை ஒட்டி யூகலிப்டஸ் மரங்கள் நின்றால் அவற்றின் எண்ணெய் காற்றில் வந்து திராட்சைத் தோலில் படிகிறது. இலைத் துணுக்குகள் அறுவடையோடு வந்து விழுகின்றன. ஊட்டிக் கடைகளில் விற்கும் தைலத்தின் அதே மணம். அந்த மரமும் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்குப் போனதுதான். லேசாக இருந்தால் எனக்குப் பிடிக்கும். சளிக்கு மூக்கில் தடவியது போல ஆனால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன்.

வகைக்குள் எதைத் தேடுவது

கிளேர், ஈடன் ரீஸ்லிங்கில் தேட வேண்டியது நேர்கோடு. எலுமிச்சை, நாரத்தை இலை, சில நேரம் ஈரக் கல். சர்க்கரை இருக்காது, ஓக் மரப் பீப்பாய் வாசனை இருக்கவே கூடாது. நாக்கின் ஓரம் ஊறிக்கொண்டே இருக்க வேண்டும். இளம் பாட்டிலிலேயே மண்ணெண்ணெய் வந்துவிட்டால் திராட்சை வெயிலில் அதிகம் காய்ந்திருக்கலாம், நான் குறைத்துத்தான் போடுவேன். பத்து வயதுப் பாட்டிலில் அதே வாடை, தேனோடும் வறுத்த ரொட்டியோடும் சேர்ந்து வந்தால் பாராட்டு.

ஹன்டர் செமில்லான்தான் புதியவரை ஏமாற்றும் ஒயின். சிட்னிக்கு வடக்கே வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் பள்ளத்தாக்கு அது. அறுவடை நேரத்து மழைக்குப் பயந்து சர்க்கரை அதிகம் ஏறுமுன்பே பறித்துவிடுவார்கள். அதனால் ஆல்கஹால் பத்து, பதினொன்று சதவீதம்தான். பீப்பாயில் வைப்பதில்லை. இளமையில் அதை முகர்ந்தால் மெல்லிய எலுமிச்சை, அறுத்த புல், வேறொன்றும் கிடைக்காது. ஏழெட்டு வருடம் படுக்கவைத்துவிட்டுத் திறந்தால் வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டி மணக்கும், மரத்தின் சாயலே படாத ஒயினில்! இளம் செமில்லானுக்கு மதிப்பெண் போடும்போது இன்றைய சுவையைவிட அதன் எலும்பைப் பாருங்கள். புளிப்பு கூர்மையாகவும் சுத்தமாகவும் இருக்கிறதா, நடுவாயில் பழம் தொடர்கிறதா, நீளமாக முடிகிறதா? மூன்றும் இருந்தால் வெற்றுத் தண்ணீர் போலத் தோன்றினாலும் அது நல்ல ஒயின்.

ஷார்டனே காலத்துக்குத் தக்க உடை மாற்றிக்கொள்ளும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஆஸ்திரேலிய ஷார்டனே என்றால் வெண்ணெயும் வெனிலாவும் பொன்னிறமும். இப்போது யாராவில் மெலிந்து இறுகியிருக்கிறது, மார்கரெட் ரிவரில் கொஞ்சம் சதைப்பிடிப்போடு வருகிறது. சிலவற்றில் அணைத்த தீக்குச்சியின் மணம் வேண்டுமென்றே விட்டுவைக்கப்படுகிறது. ஓக் மணமும் பழமும் ஒன்றாகக் கரைந்திருக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி. பலகை தனியாக, பழம் தனியாக நின்றால் குறை.

கூனவாராவில் சுண்ணாம்புக்கல் மேல் செம்மண் படிந்த, சுமார் 15 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு நாடாதான் பேர்போன நிலம். அங்கே கேபர்னேயின் துவர்ப்பு மெல்லிய மணல்போல ஈறு முழுக்கச் சமமாகப் படிய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பிடித்து இழுத்தால், பச்சைக் குடைமிளகாய் வாடை மிஞ்சினால், பழம் சரியாகப் பழுக்கவில்லை.

பரோசா ஷிராஸில் கனம் இருப்பது சிறப்பல்ல, அது அந்த மண்ணின் இயல்பு. திராட்சைக் கொடியின் வேரைத் தின்று ஐரோப்பாவையே மொட்டையடித்த பைலாக்சரா பூச்சி தென் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்ததில்லை. அதனால் 1840களில் நட்ட கொடிகள்கூட அங்கே இன்னும் காய்க்கின்றன. 2009இல் பரோசாக்காரர்கள் கொடிகளுக்கு வயதுப் பட்டியலே போட்டார்கள்: 35 வருடம் தாண்டினால் ஒரு பட்டம், 70, 100, 125 தாண்டினால் அடுத்தடுத்த பட்டங்கள். கனத்துக்குள் அசைவு இருக்கிறதா என்று பாருங்கள். கறுத்த பழம், சாக்லேட், மசாலா என்று ஒவ்வொன்றாக வந்து போக வேண்டும். ஜாம் மாதிரி ஒரே கட்டியாக உட்கார்ந்துகொண்டு, முடிவில் தொண்டை எரிந்தால், எவ்வளவு விலையானாலும் நடுத்தர மதிப்பெண்தான். என்னுடைய அந்த 19, இன்றைக்கு 16.

ரூதர்க்ளென் மஸ்கட்டைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம், அதற்குப் பிறகு நாக்கு வேறெதற்கும் உதவாது. கொடியிலேயே சுருங்கவிட்ட பழம், நொதித்தலைப் பாதியில் நிறுத்தச் சேர்க்கும் மதுசாரம், தகரக் கூரையின் கீழ் பழைய பீப்பாய்களில் வருடக்கணக்கான வெயில். ரூதர்க்ளென், கிளாசிக், கிராண்ட், ரேர் என்று நான்கு படிகள். மேலே போகப் போக வயது கூடும், ரேர் சராசரியாக 20 வருடத்துக்கும் மேல். கோப்பையைச் சாய்த்தால் பழைய மஸ்கட்டின் ஓரத்தில் ஆலிவ் பச்சை தெரியும், அது வயதின் முத்திரை. உலர்திராட்சை, பேரீச்சை, காப்பி, கருப்பட்டி எல்லாம் வரும். இவ்வளவு இனிப்புக்குப் பிறகும் வாய் திகட்டாமல் அடுத்த சொட்டுக்கு ஏங்கினால், அடியில் புளிப்பு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

தாளில் எண்ணாக மாற்றுவது

ஆஸ்திரேலிய ஒயின் போட்டிகளில் நீண்ட காலம் இருந்தது இருபது மதிப்பெண் முறை: நிறத்துக்கு 3, மணத்துக்கு 7, வாய்க்கு 10. 15.5 வந்தால் வெண்கலம், 17க்கு வெள்ளி, 18.5க்குத் தங்கம். இப்போது பல போட்டிகள் நூறுக்கு மாறிவிட்டன. 85, 90, 95 என்பவை அங்கே அதே மூன்று வாசல்கள். பழகுகிறவருக்கு இருபதுதான் நல்லது. நூறில் 91க்கும் 92க்கும் என்ன வித்தியாசம் என்று போட்டவரிடம் கேட்டால் அவரே தலையைச் சொறிவார்.

நிறத்துக்கு மூன்றும் பெரும்பாலும் கிடைத்துவிடும். கலங்கியிருந்தால், வயதுக்கு மீறிப் பழுத்திருந்தால் மட்டும் குறையுங்கள். கூட்டிக் கூட்டி மேலே போவதைவிட ஒரு நிலையிலிருந்து தொடங்குவது எளிது. குறையில்லை, வகைக்கு உண்மையாக இருக்கிறது, ஆனால் மனத்தில் நிற்கவில்லை என்றால் 15.5. மணத்தில் இரண்டு மூன்று அடுக்கு இருந்தால், வாயில் பத்து எண்ணும்வரை தங்கினால் 17. சுவைத்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டால் 18.5 பற்றி யோசிக்கலாம். பென்சிலை எடுத்த பிறகு எண் எழுதும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. ‘ஆகா, என்ன மணம்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் நான்கு தாளிலும் ஒரு மதிப்பெண் ஏறிவிடும்.

எண்ணுக்குப் பக்கத்தில் தேதியும் போடுங்கள், ஏனென்றால் எண் ஒரு நாளைக்கு உரியது. பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் மேக்ஸ் ஷூபர்ட் 1951இல் சோதனையாகச் செய்த கிரேஞ்ச் என்ற ஷிராஸை, இளமையில் சுவைத்தவர்கள் பெரும்பாலும் மட்டம் தட்டினார்கள். 1957இல் அதை நிறுத்தச் சொல்லி மேலிடம் உத்தரவே போட்டது. அவர் யாருக்கும் தெரியாமல் அந்த வருடமும் அடுத்த இரண்டு வருடங்களும் செய்து மறைத்து வைத்தார். முதல் பாட்டில்கள் முதிர்ந்து வந்தபோது அதே மேலிடம் மனம் மாறி 1960இல் அனுமதி கொடுத்தது. ஆஸ்திரேலியாவின் மிகப் புகழ்பெற்ற ஒயின் இன்றைக்கு அதுதான்.

குறைகள்: எதைக் கண்டால் கோப்பையைத் தள்ளிவைப்பது

மழையில் நனைந்த அட்டைப்பெட்டி, ஈரச் சாக்கு வாடை வந்தால் தக்கை கெட்டுவிட்டது. மதிப்பெண் போடாமல் வேறு பாட்டில் திறங்கள். 2000ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து கிளேர் ரீஸ்லிங்காரர்கள் பலர் கூட்டாகத் தக்கையைக் கைவிட்டுத் திருகுமூடிக்கு மாறினார்கள், நாடே பின்தொடர்ந்தது. அதனால் இந்தத் தொல்லை ஆஸ்திரேலிய பாட்டில்களில் இப்போது அரிது. திருகுமூடியைப் பார்த்து மலிவுச் சரக்கு என்று நினைக்காதீர்கள்.

அறுத்துவைத்துக் கறுத்த ஆப்பிள் வாடை, காற்று புகுந்ததன் அடையாளம். வினிகரும் நகப்பூச்சு அழிக்கும் திரவமும் கூர்மையாக வந்தால் குறை. சிட்டிகை அளவு இருந்தால் கனத்த சிவப்பு ஒயினுக்கு அது எடுப்பைத் தரும். குதிரை லாயம், மருந்துக்கடை பேண்டேஜ் வாடைக்குக் காரணம் ஒரு வகை ஈஸ்ட். அதில் ருசி காண்பவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தக் கட்சி இல்லை. அழுகிய முட்டை வாடை வந்தால் அவசரப்படாமல் பத்து நிமிடம் சுற்றிச் சுற்றி வையுங்கள், பல நேரம் ஓடிவிடும். காட்டுத்தீ வருடங்களில், 2019–20 கோடை போல, புகை திராட்சையில் ஏறிவிடுவதுண்டு. அது மூக்கில் தெரியாமல் போகலாம். துப்பிய பிறகு சாம்பல் நக்கியது போல நாக்கில் படியும்.

காகிதப் பை

இரண்டாவது மாலையிலிருந்து பாட்டில்களைப் பழுப்புக் காகிதப் பையில் போட்டு எண் எழுதிவிடுங்கள். ஆனால் பை மட்டும் போதாது. ரீஸ்லிங் பாட்டில் ஒல்லியாக உயரமாக இருக்கும், ஷார்டனே தோள் சரிந்திருக்கும், கேபர்னே தோள் நிமிர்ந்திருக்கும். பையை மீறி உருவம் காட்டிக்கொடுக்கும். ஒருவர் சமையலறையில் ஊற்றிக்கொண்டு வருவதே சரி.

கூடவே ஒரு தந்திரம்: யாருக்கும் சொல்லாமல் ஒரே ஒயினை இரண்டு எண்ணில் ஊற்றச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவில் ஒரு பெரிய போட்டியின் நடுவர்களுக்கு ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை ஊற்றிக்கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது. மூன்றுக்கும் ஒரே பதக்க வரம்புக்குள் மதிப்பெண் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். எங்கள் வீட்டில் நடந்தபோது நான் ஒரே ஷிராஸுக்கு 15.5, 17.5 என்று போட்டிருந்தேன். முதலாவது புளிப்பான ரீஸ்லிங்குக்கு அடுத்து வந்தது. இரண்டாவது ரொட்டி தின்ற பிறகு வந்தது. அதன் பிறகுதான் வரிசையை மாற்றி இரண்டு சுற்றுச் சுவைத்துச் சராசரி எடுக்கப் பழகினோம்.

மிச்சத்தைக் கீழே ஊற்றாதீர்கள். மூடி, குளிரில் வைத்து மறுநாள் அதே தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். முதல் நாள் ஆர்ப்பாட்டம் செய்த ஒயின் சில நேரம் மறுநாள் தளர்ந்துபோயிருக்கும். வாய் திறக்காமல் இருந்தது மெல்ல அவிழ்ந்திருக்கும். மாற்றம் அரை மதிப்பெண்ணுக்கு மேல் இருந்தால் புதிய எண்ணையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

அந்த 13 போட்ட செமில்லானில் இரண்டு பாட்டில் வாங்கியிருந்தேன். மிஞ்சிய ஒன்றின் கழுத்தில் மதிப்பெண்ணையும் தேதியையும் எழுதிய சீட்டைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியதோடு மறந்தும்போனேன். வீடு மாறும்போது அகப்பட்டது. ஏழு வருடம் ஆகியிருந்தது. அதே நான்கு பேரைக் கூப்பிட்டேன். நிறம் வைக்கோல் மஞ்சள். மூக்கில் நெய் ரோஸ்ட் முறுகும் தோசைக்கல், அடியில் அதே பழைய எலுமிச்சை. நான் 18 எழுதினேன். மிளகு மணம் தெரியாத நண்பர் தன் தாளை மறைத்துக்கொண்டே வெகுநேரம் முகர்ந்துகொண்டிருந்தார். பிறகு காட்டினார்: 18.5.